தபால் பெட்டியில் ஒரு பெயர்

ஜெர்மனியில் ஒரு அடுக்குமாடி வீட்டின் முகவரியைக் கேட்டால் தெருப் பெயர், கட்டட எண், அஞ்சல் குறியீடு, ஊர் என்று நான்கே விஷயங்கள்தான் வரும். ‘பிளாட் நம்பர் 3பி, இரண்டாவது மாடி’ என்பதெல்லாம் பெரும்பாலும் கிடையாது. பத்துக் குடும்பங்கள் இருக்கிற கட்டடத்தில் யாருடைய கடிதத்தை எங்கே போடுவது என்று தபால்காரருக்கு எப்படித் தெரியும்? பெயரை வைத்துத்தான். வாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பெயர் இருக்கும். தபால் பெட்டியிலும் பெயர் இருக்கும். அதில் இல்லாத பெயருக்கு வரும் கடிதம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

ஈரோட்டிலிருந்து ஸ்டுட்கார்ட் நகரத்துக்குக் குடிபோன ஒரு பெண்ணுக்கு இந்த விஷயம் தெரிய எட்டு வாரம் ஆனது.

கணவர் கார் மென்பொருள் எழுதும் இன்ஜினீயர். ‘நீல அட்டை’ எனப்படும் வேலை அனுமதியோடு எட்டு மாதம் முன்னதாகவே அங்கே போனவர். வாடகைக்கு வீடு பிடித்தபோது தபால் பெட்டியில் அவர் பெயரை ஒட்டிக்கொடுத்தார்கள். செப்டம்பரில் மனைவியும் மூன்று வயது மகளும் வந்தார்கள். குடிவந்த 2 வாரத்துக்குள் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதையும் செய்தாயிற்று. அடுத்தது வதிவிட அட்டை. அதற்கான நேரம் கொடுத்துக் கடிதம் வரும் என்று காத்திருந்தார்கள்.

கடிதம் வரவே இல்லை. கையில் இருந்த விசாவோ மூன்று மாதத்துக்கு மட்டும்தான். அது முடிய ஒரு மாதம்கூட இல்லை என்ற நிலையில் கணவர் அலுவலகத்துக்கு ஈமெயில் போட்டார். இரண்டே வரியில் பதில் வந்தது. ‘உங்கள் மனைவிக்குக் கடிதம் அனுப்பினோம். அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது.’

“ஏனுங்க, நான் இங்கதானே உக்காந்திருக்கேன்?” என்றார் அவர்.

நகராட்சிப் பதிவேட்டில் அவர் இருந்தார். கதவுக்கு வெளியே இருந்த அந்தச் சின்னப் பெட்டியில் இல்லை. அன்றைக்கு மாலையே வெள்ளைக் காகிதத்தில் பெயரை எழுதி, செலோ டேப் போட்டு ஒட்டினார்கள். ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. விசா முடிவதற்குள் வேலையும் முடிந்தது.

ஒரே வீடு, மூன்று குடும்பப் பெயர்

கணவர் பெயர் ஒட்டியிருக்கும்போது மனைவிக்கு வரும் கடிதம் ஏன் திரும்ப வேண்டும்? இது தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய சிக்கல்.

ஜெர்மன் குடும்பத்தில் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர். பெட்டியில் அந்த ஒரு பெயர் இருந்தால் வீட்டில் யாருக்கு வந்தாலும் சேர்ந்துவிடும். நமக்கோ குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ என்று ஒரு கட்டம் இருப்பதால் அதில் அப்பா பெயரை எழுதுகிறோம். ஆகவே கணவருக்கு அவர் அப்பா பெயர் குடும்பப் பெயர். மனைவிக்கு அவர் அப்பா பெயர். மகளுக்குக் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். அந்தச் சின்ன லேபிளில் மூன்று வரி வந்ததும், யாரோ மூன்று தனித்தனி ஆட்கள் வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறார்கள் என்று கீழ் வீட்டுப் பாட்டியம்மா நினைத்துக்கொண்டாராம்.

டாக்டர் கிளினிக்கில் வேறு கூத்து. அங்கே யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். குடும்பப் பெயருக்கு முன்னால் ஆணுக்கு ‘ஹெர்’, பெண்ணுக்கு ‘ஃப்ராவ்’. இவருடைய அப்பா பெயர் மாரிமுத்து. முதல் தடவை போனபோது வரவேற்பில் இருந்தவர் “ஃப்ராவ் மாரிமுத்து!” என்று கூப்பிட்டார். இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது, அப்பாவைத் தெரிந்தவர் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவைதான் புரிந்தது, கூப்பிடுவது தன்னைத்தான் என்று.

ஈரோட்டில் அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் அரை மணி நேரம் சிரித்தார். “பரவால்ல கண்ணு, ஜெர்மனிக்காரன் வாயில எம்பேரு வந்துருச்சு” என்றார்.

ஆபீஸ் ஆங்கிலத்தில், வீடு ஜெர்மனில்

வெளிநாட்டு வேலை என்றால் கஷ்டப்படுவது வேலைக்குப் போகிறவர்தான் என்று ஊரில் நினைப்பார்கள். மொழியைப் பொறுத்தவரை நிலைமை நேர் எதிர்.

கணவரின் ஆபீஸ் ஆங்கிலத்தில் ஓடுகிறது. மீட்டிங் ஆங்கிலம், ஈமெயில் ஆங்கிலம், சக ஊழியர்களிலும் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். எட்டு மாதத்தில் அவர் கற்றுக்கொண்டது ‘குட்டன் மோர்கன்’, ‘டாங்கெ’ என்ற இரண்டும்தான். அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

வீடு அப்படியல்ல. மாடிப்படிக்குக் கீழே ஒட்டியிருக்கும் அறிவிப்பு ஜெர்மன். குப்பை வண்டி வரும் தேதி அட்டவணை ஜெர்மன். கிண்டர்கார்டனில் டீச்சர் பேசுவது ஜெர்மன். டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கேட்டால் போனை எடுப்பவர் பேசுவதும் ஜெர்மன். வேலைக்குப் போகிறவர் ஜெர்மனிக்கு வந்து ஒரு கம்பெனிக்குள் வாழ்கிறார். வீட்டில் இருப்பவர்தான் உண்மையில் ஜெர்மனியில் வாழ்கிறார்.

நீல அட்டை வைத்திருப்பவரின் கணவனோ மனைவியோ விசாவுக்கு ஜெர்மன் தேர்வு எழுத வேண்டியதில்லை. வந்த உடனே வேலைக்குப் போகவும் அனுமதி உண்டு. காகிதத்தில் பார்த்தால் நல்ல சலுகைதான். ஆனால் ஒரு வார்த்தை தெரியாமல் வந்து இறங்கிவிட்டு, ‘வேலைக்குப் போகலாம்’ என்ற அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த ஈரோட்டுப் பெண் பி.காம். படித்து, ஆடிட்டர் ஆபீசில் ஆறு வருடம் கணக்குப் பார்த்தவர். ஜவுளிக் கடை முதலாளிகளிடம் “பில்லைக் கொண்டாங்க, அப்புறம் பேசலாம்” என்று கறாராகக் கேட்ட வாய் அது. ஸ்டுட்கார்ட் பேக்கரியில் எந்த ரொட்டி வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் விரலை நீட்டிக்கொண்டு நின்றது.

கணவர் நல்லவர். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னார். “நீ விடு அம்மிணி, நான் பார்த்துக்கறேன்.” கடிதத்தை அவர் பார்த்துக்கொண்டார். டாக்டரிடம் அவர் பேசினார். கிண்டர்கார்டன் மீட்டிங்குக்கு லீவு போட்டு அவரே வந்தார். அன்பாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அவர் அதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் மனைவி கற்றுக்கொண்டிருக்கக்கூடிய ஒரு வாக்கியம் குறைந்தது.

வாசல் பெருக்கும் வாரம்

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, வீட்டுக் கதவின் கைப்பிடியில் ஒரு சின்னப் பலகை தொங்கியது. ஏதோ விளம்பரம், தவறிப்போய் இங்கே மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து அதை எதிர்வீட்டுக் கதவில் மாட்டிவிட்டார். பத்து நிமிஷத்தில் கீழ் வீட்டுப் பாட்டியம்மா அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்து நின்றார். பலகையைக் காட்டினார், இவரைக் காட்டினார், இரண்டு கையாலும் பெருக்குவது போல நடித்துக் காட்டினார்.

அதுதான் ‘கேர்வோஹெ’. பெருக்கும் வாரம் என்று அர்த்தம். ஸ்டுட்கார்ட் இருக்கும் ஸ்வேபியப் பகுதியின் பல நூற்றாண்டுப் பழக்கம். கட்டடத்தில் இருப்பவர்கள் முறை போட்டுக்கொண்டு பொது இடங்களைச் சுத்தம் செய்ய வேண்டும். உங்கள் மாடிப்படியைச் செய்வது ‘சின்ன’ கேர்வோஹெ. வாசல், நடைபாதை, குப்பைத் தொட்டி இருக்கும் இடம் எல்லாம் ‘பெரிய’ கேர்வோஹெ. பனி பெய்யும் காலத்தில் நடைபாதைப் பனியை அள்ளுவதும் உண்டு. பல ஊர்களில் வேலை நாட்களில் காலை 7 மணிக்குள் அள்ளியாக வேண்டும். அள்ளாமல் விட்டு யாராவது வழுக்கி விழுந்தால் நஷ்டஈடு கேட்டு வரலாம்.

வேறு ஊரிலிருந்து வந்த ஜெர்மானியர்களே இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். ஈரோட்டுப் பெண்ணுக்கு அப்படித் தோன்றவில்லை. வாசல் பெருக்குவதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டுமா? மறுநாள் விடிவதற்கு முன் எழுந்தார். ஊர் வழக்கப்படி ஒரு வாளித் தண்ணீரை மேல்படியிலிருந்து ஊற்றினார்.

படிகள் மரப்படிகள். தண்ணீர் இரண்டு மாடி இறங்கிப் பாட்டியம்மா வீட்டு மிதியடி வரைக்கும் போனது. “நைன்! நைன்!” என்று அலறிக்கொண்டு அவர் நைட் கவுனோடு வெளியே வந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது இரண்டாவது குற்றம்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். பாட்டியம்மா ஒரு துணியைக் கொண்டுவந்து இவரோடு சேர்ந்து துடைத்தார். துடைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். படி, வாளி, துணி, பெருக்கு, பிழி. இவர் திருப்பிச் சொன்னார். முடிந்ததும் கீழே கூட்டிப்போய்க் காபி கொடுத்தார். ‘டிரிங்கென்’ என்றால் குடிப்பது என்று தெரிந்தது. அடுத்த சனிக்கிழமையும் காபிக்கு வரச் சொன்னார்.

அங்கே ஒரு விஷயம் இவருக்குச் சுலபமாகப் புரிந்தது. ஜெர்மனில் ‘டூ’, ‘ஸீ’ என்று இரண்டு உண்டு. நம்முடைய ‘நீ’, ‘நீங்கள்’. கணவரின் வகுப்பிலிருந்த ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதில் தடுமாறியபோது, இவர் முதல் நாளிலிருந்தே பாட்டியம்மாவை ‘ஸீ’ என்றுதான் சொன்னார். பெரியவர்களாகச் சொல்லும் வரை ‘டூ’ போடக்கூடாது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாட்டில் காசு

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதை அம்மாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. “ஒரு மளிகைக் கடைகூடவா இல்ல கண்ணு?” சில பேக்கரிகள் சில மணி நேரம் திறந்திருக்கும். பெட்ரோல் பங்க்குகளிலும் பெரிய ரயில் நிலையங்களிலும் ஏதாவது கிடைக்கும். அவ்வளவுதான். ஞாயிறு ஓய்வு நாள் என்பது 1919ஆம் வருட வைமர் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டு, இன்றைய அரசியல் சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. சுவரில் டிரில் போடுவது, சத்தமாக எந்திரம் ஓட்டுவது எல்லாம் அன்றைக்குக் கூடாது. இரவு 10 மணிக்கு மேலும் அதே கதை. ஊரிலிருந்து தூக்கிவந்த மிக்ஸி அங்கேயும் ஓடும், மின்சாரம் அதே 230 வோல்ட்தான். பிளக் மட்டும் வேறு. ஆனால் சட்னியைச் சனிக்கிழமையே அரைத்துவிட வேண்டும். மாவு குளிரில் புளிக்க மறுத்தால் அவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிட்டால் போதும்.

சமைத்த பிறகு ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிஷம் காற்று விட வேண்டும், வெளியே பனி கொட்டினாலும் சரி. இட்லி ஆவியும் குழம்புக் கொதியும் சுவரில் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் வீட்டுக்காரர் அட்வான்ஸில் கை வைப்பார். அது மூன்று மாத வாடகை வரைக்கும் இருக்கும்.

பாட்டிலுக்கும் அட்வான்ஸ் உண்டு. ‘ஃபாண்ட்’ என்பார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், டின் எது வாங்கினாலும் 25 சென்ட் சேர்த்துக் கொடுக்க வேண்டும். திரும்ப எடுக்கும் பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் எந்திரத்தில் போட்டால் ஒரு சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்தால் காசு.

கணவர் தனியாக இருந்த எட்டு மாதத்தில் சேர்ந்த பாட்டில்கள் பால்கனியில் கிடந்தன. எண்ணிப் பார்த்தால் 62. மூட்டையில் அடங்கவில்லை என்று எட்டை நசுக்கிவிட்டார். எந்திரம் அந்த எட்டையும் துப்பிவிட்டது. பட்டைக் கோடு படிக்கிற மாதிரி இருந்தால்தான் அது எடுத்துக்கொள்ளும். மீதி 54 பாட்டிலுக்கு 13 யூரோ 50 சென்ட்.

கல்லாவில் இருந்த பெண் சீட்டை வாங்கிக்கொண்டு ஏதோ கேட்டார். இவர் யூகித்து, “யா, பிட்டெ” என்றார். காசு வந்தது. ஜெர்மனியில் யார் துணையும் இல்லாமல் அவர் முடித்த முதல் வேலை அது. அந்தக் காசில் மகளுக்கு ஒரு சாக்லேட்டும் தனக்கு ஒரு நோட்டும் வாங்கிக்கொண்டார்.

மஞ்சள் உறை

நோட்டு வந்ததும் பழைய கணக்குப் பிள்ளை விழித்துக்கொண்டார். வீட்டு மேஜை டிராயரில் கணவர் பிரிக்காமலே போட்டுவைத்த கடிதங்கள் ஒரு கட்டு இருந்தது. போன் கேமராவைக் காட்டினால் தமிழில் மொழிபெயர்த்துக்கொடுக்கும் ஆப் இருக்கிறதே. ஒவ்வொன்றாகப் பிரித்தார். யார் அனுப்பியது, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் என்று நோட்டில் மூன்று கட்டம் போட்டார்.

விளம்பரம் என்று கணவர் ஒதுக்கிய மூன்று கடிதங்கள் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு வந்தவை. வீட்டில் டி.வி. இருக்கிறதா இல்லையா என்பது பிரச்னை இல்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு 55.08. கட்டாமல் விட்டதால் தாமதக் கட்டணமும் ஏறியிருந்தது.

புதிதாகப் போகிறவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது மஞ்சள் உறை. அரசு அலுவலகமோ நீதிமன்றமோ அனுப்பும் முக்கியக் கடிதங்கள் அதில் வரும். தபால்காரர் உறையின் மேலேயே தேதி எழுதிப் பெட்டியில் போட்டுவிடுவார். படித்தீர்களா இல்லையா என்பது கணக்கில்லை, அன்றைய தேதியே உங்களுக்குக் கிடைத்த தேதி. போக்குவரத்து அபராதம் தவறு என்று ஆட்சேபிக்க வேண்டுமென்றால் அதிலிருந்து 2 வாரம்தான் அவகாசம். ஊருக்கு ஒரு மாத லீவில் போகிறவர்கள், பெட்டியைத் திறந்து பார்க்க யாரையாவது ஏற்பாடு செய்துவிட்டுப் போவது இதற்காகத்தான்.

கடிதங்களெல்லாம் ஃபைலில் அடுக்கப்பட்ட அன்றைக்கு, “இதெல்லாம் இனி நான் பார்த்துக்கறேனுங்க” என்றார் அவர். கணவர் மறுக்கவில்லை.

“பிள்ளையைக் கதைக்க விடாதேங்கோ”

கறிவேப்பிலை வாங்க இலங்கைத் தமிழர் கடைக்குத்தான் போக வேண்டும். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பி வந்தவர்கள் ஜெர்மனியின் பல நகரங்களில் வாழ்கிறார்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து வடக்கே 400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஹாம் நகரில் 2002ஆம் வருடம் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயில் அவர்கள் எழுப்பியதுதான். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் கூட்டம் வரும். நீல அட்டையோடு விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கும், அகதியாக வந்து முகாமில் காத்திருந்தவர்களுக்கும் வழி ஒன்றல்ல. மொழி தெரியாமல் ஒரு மேஜைக்கு முன்னால் நின்ற அனுபவம் மட்டும் இரண்டு பேருக்கும் உண்டு.

கடையில் இருக்கும் அம்மாவிடம் இவர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். “மக கிண்டர்கார்டன்ல பட்டுப் பட்டுன்னு பேசறாளுங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல அவளே எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிருவா.”

அந்த அம்மா கறிவேப்பிலையைக் கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். “அப்பிடி மட்டும் செய்யாதேங்கோ தங்கச்சி” என்றார். “நான் செய்தனான். எட்டு வயசு மகனை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனனான். எனக்கு என்ன வருத்தம் எண்டு டொக்டர் அவனுக்குத்தான் சொன்னவர். அவன் அழுது அழுது எனக்குச் சொன்னவன். பிள்ளையைக் கதைக்க விடாதேங்கோ. நீங்க கதைக்கப் பழகுங்கோ.”

அந்த வாரமே இவர் மாலை வகுப்பில் சேர்ந்தார். அநேகமாக எல்லா ஊரிலும் ‘ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலெ’ என்ற மக்கள் கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே தனியார் வகுப்புகளைவிடப் பெரும்பாலும் குறைந்த கட்டணம். அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பு என்றால் 600 மணி நேரம் மொழிப் பாடம், 100 மணி நேரம் நாட்டின் சட்டம், வரலாறு, பழக்கவழக்கம். இவர் வகுப்புக்குப் போகும் இரண்டு மாலையும் கணவர் சீக்கிரம் வந்து மகளைப் பார்த்துக்கொண்டார். இந்த முறை ‘நான் பார்த்துக்கறேன்’ என்ற வார்த்தை சரியான இடத்தில் பயன்பட்டது.

பதினொரு மணிக்கு ஒரு போன்

பிப்ரவரியில் கணவர் பனிச் சாலையில் கார் சோதனைக்காக வட ஸ்வீடன் போனார். இரண்டாம் நாள் இரவு 11 மணிக்கு மகளுக்கு 39.8 டிகிரி காய்ச்சல். கணவர் போனை எடுக்கவில்லை. ஈரோட்டில் மணி அதிகாலை மூன்றரை. அம்மாவை எழுப்பினால் அவர் அழுவார், வேறு ஒன்றும் செய்ய முடியாது.

கிளினிக் மூடியிருக்கும் நேரத்துக்கு ஜெர்மனி முழுவதும் 116117 என்ற எண் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 112. மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவில்லாமல் போவது என்றால் யோசிக்காமல் 112 தான். மகளுக்கு அப்படி எதுவும் இல்லை. இவர் நோட்டை எடுத்து முதலில் எழுதினார். என் மகளுக்குக் காய்ச்சல். வயது மூன்று. மாலையிலிருந்து. எவ்வளவு டிகிரி. என் பெயர். முகவரி. எழுதி முடித்து ஒருதடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு எண்ணை அழுத்தினார்.

“மைனெ டோஹ்டர் ஹாட் ஃபீபர்” என்றார். குரல் நடுங்கியது. எதிர்முனையில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார். பாதி புரியவில்லை. நடுவில் “டிரிங்க்ட் ஸீ?” என்பது காதில் விழுந்தது. குடிக்கிறாளா? பாட்டியம்மா வீட்டுக் காபி நினைவுக்கு வந்தது. “யா, வாஸர். ஐன் பிஸ்ஹென்.” ஆமாம், தண்ணீர், கொஞ்சம். குழந்தைகளுக்கான இரவு சிகிச்சைப் பிரிவு எங்கே என்று முகவரி சொன்னார்கள். மூன்று தடவை திருப்பிக் கேட்டு, எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். கீழ் வீட்டில் விளக்கு எரிந்தது. பாட்டியம்மா கோட் மாட்டிக்கொண்டு கூடவே டாக்ஸியில் ஏறினார்.

காத்திருக்கும் இடத்தில் “ஃப்ராவ் மாரிமுத்து!” என்றதும் இவர் உடனே எழுந்தார். டாக்டர் காதைப் பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார். வைரஸ்தான் என்றார். காய்ச்சல் குறைய மருந்தும், நிறையத் தண்ணீரும், ஓய்வும். ஆன்டிபயாடிக் கிடையாது. ஊரில் என்றால் ‘ஒரு ஊசி போடக்கூடாதா?’ என்று கேட்டிருப்பார். இங்கே அதற்கான ஜெர்மன் தெரியவில்லை. விட்டுவிட்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.

காலையில் கணவர் பதறிப்போய் அழைத்தபோது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். “என்னை எழுப்பியிருக்கலாமே அம்மிணி, ஹோட்டலுக்கு போன் பண்ணி?” என்றார்.

“எழுப்பி என்ன பண்றது? உங்களுக்கு ஜெர்மன் தெரியாதே” என்றார் இவர்.

கிளம்புகிறவர்களுக்கு

இன்னும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. கணக்கு வேலைக்கு ஓரளவு நல்ல ஜெர்மன் வேண்டும். பி1 தேர்வு பாக்கி இருக்கிறது. படிப்புக்கு அங்கே என்ன மதிப்பு என்று ‘அனபின்’ என்ற அரசு இணையதளத்தில் பார்த்துவைத்திருக்கிறார். கணவரும் இப்போது வகுப்புக்குப் போகிறார். நீல அட்டைக்காரர்களுக்கு ஆரம்பநிலை ஜெர்மன் தெரிந்தால் 27 மாதத்தில் நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். பி1 இருந்தால் 21 மாதம். மனைவியின் நோட்டைத்தான் கடன் வாங்கிப் படிக்கிறார்.

இந்த வருடம் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் சில விஷயங்களை ஊரிலேயே பார்த்துவிடலாம். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்க வேண்டி வரும், முன்பே சரிசெய்துகொள்வது நல்லது. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் வேறு வேறு குடும்பப் பெயர் என்றால் பிறப்புச் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும் கையில் இருக்கட்டும். போய் இறங்கிய அன்றைக்கே வீட்டில் உள்ள எல்லார் பெயரையும் தபால் பெட்டியில் ஒட்டிவிட வேண்டும், மூன்று வயதுக் குழந்தையின் பெயரையும் சேர்த்து. விசாவுக்குத் தேவையில்லை என்றாலும், காத்திருக்கும் மாதங்களில் ஆரம்பநிலை ஜெர்மனை முடித்துவிட்டால் பேக்கரியில் விரல் நீட்ட வேண்டியிருக்காது.

முன்னால் போய்க் காத்திருக்கும் கணவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். மனைவி வந்த முதல் மாதம், டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் கேட்கும் போனை அவர் கையில் கொடுங்கள். பக்கத்தில் நில்லுங்கள். அவர் தடுமாறும்போது போனைப் பிடுங்காதீர்கள்.